பேனா ஸ்பிரிங்

ஆளைப் பார்த்துத்தான் லைட்டர் கொடுப்பாள் மலர்க்கொடி. கேட்டதை எடுத்து நீட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற கடை இல்லை அது. உடையார்பாளையத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையில், முந்திரிக் காடு தொடங்குகிற இடத்தில், தகரம் போட்ட பெட்டிக்கடை. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன் இறங்கி வந்து, சக்கரம் வைத்த லைட்டர் ஒன்றைப் பளபளப்பாக இருக்கிறதே என்று கேட்பான்.

"அது உனக்கு ஆவாது" என்பாள். "நீ இருக்கிற தூசிக்கு ரெண்டே நாள்ல சக்கரம் அடைச்சுக்கும். அமுக்குற லைட்டரு எடுத்துக்க. எடுத்துட்டுப் போயி வண்டிக் கண்ணாடிகிட்ட வெயில்ல போட்டு வைக்காத. வெடிச்சுத் தொலைக்கும்."

"காசு குடுக்கறவன் நான்தானக்கா?"

"கண்ணு போனா என்னையத்தான திட்டுவ?"

சுருட்டுக்காரர்களுக்கு அவள் கொடுப்பது வேறு. சீறிக்கொண்டு வருகிற ஊசி நெருப்பு சிகரெட்டுக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கும் சரி. சுருட்டில் காட்டினால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்கும். பெட்ரோல் லைட்டர் என்றால் முதல் நாலு இழுப்பும் பங்க் வாடை. அகலமாக, மெத்தென்று எரிகிற கேஸ் லைட்டர்தான் வேண்டும். சுருட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விளிம்பு முழுக்கச் சிவந்த பிறகுதான் இழுக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினோரு வருஷமாகக் கடை வாசலில் நின்று புகை விடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அவளுக்கென்னவோ புகை வாடையே ஆகாது, அது வேறு கதை.

எரியாத லைட்டரையும் அவளிடம்தான் கொண்டுவந்து போடுவார்கள். கல் தேய்ந்திருந்தால் கல் மாற்றுவாள். கேஸ் தீர்ந்திருந்தால், உள்ளே இருக்கிற காற்றை ஊசியால் அமுக்கி வெளியேற்றிவிட்டு, லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, ஐந்து எண்ணுகிறவரை அடைப்பாள். அடைத்த உடனே பற்றவைக்க விடமாட்டாள். கையில் சில்லென்று இருக்கும், அந்தச் சில்லிப்பு போகட்டும் என்பாள். திருப்பிக் கொடுக்கும்போது மாறிவிடக் கூடாதென்று, துணி வெளுக்கிறவர்கள் குறி போடுவதுபோல, அடியில் ஊசியால் கீறி வைப்பாள். ஒருத்தருக்கு மூன்று கோடு, ஒருத்தருக்கு வட்டம், ஒருத்தருக்குப் பெருக்கல் குறி. எது யாருடையது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் குறி போடாமல் கையை விட்டு அனுப்பிய லைட்டர் ஒன்றே ஒன்றுதான். வீட்டு ஆளுக்கு எதற்குக் குறி என்று விட்டுவிட்டாள்.

அந்த ஒன்றுதான் இப்போது அவள் ஈரக்குலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

நேற்று மத்தியானம் வைரக்கண்ணுவின் முந்திரிக் காடு பற்றி எரிந்தது. சித்திரை மாதம், பழம் விழுகிற காலம். கீழே முழங்கால் அளவு சருகு. மேற்கு ஓரத்தில் பிடித்த நெருப்பு காற்றோடு கிழக்கே ஓடி, தீயணைப்பு வண்டி வந்து அணைத்தபோது நாலு ஏக்கர் போயிருந்தது. முந்திரிக்கொட்டை எரிந்தால் எண்ணெய் தெறிக்கும். ஊர்ச் சனம் வேப்பங்கொத்தும் நனைத்த சாக்குமாக அடித்து ஓய்ந்தது. அப்படி அடித்தவர்களில் மலர்க்கொடியின் புருஷன் அய்யம்பெருமாளும் ஒருவன். இருபது வருஷமாக அந்தக் காட்டில் பழம் பொறுக்கிக் கொட்டை திருகுகிறவன். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்து, புருவம் பொசுங்கி வந்தான். சாயந்தரம் போலீஸ் வந்து தர்மனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. தர்மன் இவர்கள் தெரு, இவர்களுக்கு நாலாவது வீடு.

காலையில் கடைக்குப் பின்னால், தகர நிழலில் சாக்கை விரித்துக் குந்தியிருந்தான் அய்யம்பெருமாள். கம்மங்கூழும் மோர் மிளகாயும் வைத்தது வைத்தபடி இருந்தது. ஈ மொய்த்தது.

"குடிங்க. ராத்திரியும் ஒண்ணும் திங்கல."

"எறங்கல புள்ள."

"லைட்டரு எங்க?"

அவன் கூழில் மொய்த்த ஈயை ஓட்டினான்.

"நேத்துலேருந்து கேக்கறேன். எங்கன்னு சொல்லுங்க."

"பீடி பத்த வச்சேன். மரத்தடியில கீழ வச்சுட்டுப் பழம் பொறுக்கப் போனேன். நாலு மரம் தள்ளிப் போயிருப்பேன். புகை வாடை வந்துச்சு. பீடிப் புகைன்னுதான் நெனச்சேன்."

"நாக்கத் தூக்கி வுட்டீங்களா?"

"எந்த நாக்கு?"

மலர்க்கொடி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன இரும்பு உடம்பு லைட்டர் அது. கேஸ் வருகிற துளையை மூடித் திறக்கிற பித்தளை நாக்கு ஒன்று உண்டு. அமுக்கினால் எரியும், விட்டால் அடியிலிருக்கிற ஸ்பிரிங் நாக்கை மேலே தள்ளி அணைத்துவிடும். அந்த ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. அளவான ஸ்பிரிங் திருச்சிக்குப் போனால்தான் கிடைக்கும். முந்திரிப் பருவத்தில் கடையைப் போட்டுவிட்டு எங்கே போவது? தீப்பெட்டி வேர்வையில் நமத்துப் போகிறதென்று அவன் நச்சரித்ததால், பேனாவிலிருந்த ஸ்பிரிங்கை நறுக்கி வைத்துக் கொடுத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை. பேனா ஸ்பிரிங் சூட்டுக்குத் தாங்காது. கொஞ்ச நேரம் எரிந்தால் தொய்ந்துவிடும், நாக்கு பாதியிலேயே நிற்கும். அணைந்துவிட்டது மாதிரிதான் தோன்றும். ஆனால் சின்னதாக, நீலமாக நின்று எரியும். உச்சி வெயிலில் அது கண்ணுக்கே தெரியாது.

"பத்த வச்சதும் நாக்கக் கட்டைவிரலால தூக்கி வுடுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னியா?"

"சொன்னேன். தலையத் தலைய ஆட்டுனீங்க."

"யாருக்கோ சோடா ஒடச்சுக் குடுத்துக்கிட்டே என்னமோ சொன்ன. ஆட்டுனேன்."

இரண்டு பேர் மீதும் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவன் மீது பாதி, தன் மீது பாதி.

"தர்மன அடிக்கிறாங்களாம்" என்றாள் மெதுவாக.

"தெரியும்."

"போயி ஒரு வார்த்தை சொல்லுங்க. தெரியாம நடந்ததுன்னு."

"யாரு நம்புவா? அவங்கப்பன் வச்ச மரம் புள்ள ஒவ்வொண்ணும். காய்க்கிற காலத்துல நாலு ஏக்கரு. நான்தான்னு சொன்னா வுடுவாரா? தெருவுல இருக்க முடியுமா நாம? இந்தக் கட அவரு வேலிய ஒட்டித்தான் நிக்குது."

"அதுக்காவ?"

"லைட்டரு எரிஞ்சு போயிருக்கும். அது கெடைக்கலன்னா தர்மன வுட்டுருவாங்க. சாட்சி வேணும்ல. ரெண்டு நாளு பொறு."

அப்படிச் சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை, சாக்கின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெண்டு நாளுதானே என்று அவளுக்கும் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. எரிந்த காட்டிலிருந்து கரியும் பழமும் கலந்த புளித்த வாடை வந்துகொண்டிருந்தது. தர்மனின் பெண்டாட்டி சத்யப்பிரியா தூக்குவாளியோடு வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். ராத்திரி முழுக்க அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஸ்டேசனுக்குப் போனியா சத்யா?"

"போனேங்க்கா. சோத்த உள்ள வுட மாட்டேங்கிறாங்க. இன்னும் புகார் எழுதிக் குடுக்கலையாம். வைரக்கண்ணு ஐயா மத்தியானம் வந்து எழுதிக் குடுத்தா கேஸ் போட்டுருவாங்களாம். இந்த வழியாத்தான போவாரு, கால்ல வுழுந்தாவது கேப்போம்னு வந்தேன்."

"தர்மன் என்ன சொல்லுச்சு?"

"நான் அந்தப் பக்கமே போவலங்குது. காட்டுல மேஞ்சுச்சுன்னு எங்க ஆட்ட ஐயா புடிச்சுக் கட்டுனாருல்ல போன வாரம், அப்ப டீக்கடையில வச்சு இந்தக் காடு இருக்கறவரைக்கும் நமக்கு நிம்மதி இல்லன்னு சொல்லிட்டுது. கோவத்துல சொன்னது. எல்லாரும் கேட்டிருக்காங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஜன்னல் வழியா பாத்தேங்க்கா. ஒரு கண்ணு தொறக்கல. உதடு கிழிஞ்சிருக்கு. என்னயப் பாத்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு."

மலர்க்கொடி டம்ளரில் தண்ணீர் மோந்து கொடுத்தாள். பின்னால் தகரத்தை ஒட்டி அய்யம்பெருமாள் மூச்சு விடுகிறது அவளுக்குக் கேட்டது. சத்யப்பிரியாவுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து, சோடா பாட்டில்களை எடுத்து வேண்டுமென்றே சத்தமாக அடுக்கினாள்.

"அண்ணனுக்குக் கை எப்படிக்கா இருக்கு?"

"ம். பரவால்ல."

"பாவம். நெருப்ப அடிக்கப் போயி." சத்யப்பிரியா நல்ல மனசோடுதான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

பதினொன்றரை மணிக்கு வைரக்கண்ணுவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அறுபது வயது, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. இன்று சட்டையில் கரி அப்பியிருந்தது. காட்டிலிருந்து நேராக வருகிறார். சத்யப்பிரியா எழுந்து, நெடுஞ்சாண்கிடையாக விழப்போனாள்.

"எந்திரி. உங்கிட்ட எனக்குப் பேச்சு இல்ல" என்றார். குரல் கம்மியிருந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

அந்த லைட்டர்தான். ஒரு பக்கம் கருத்து, மறுபக்கம் அப்படியே இருந்தது. காற்று கிழக்கே இழுத்துக்கொண்டு போனதில் அது தப்பித்துவிட்டது.

"மேக்கால ஓரத்துல, மொதல்ல புடிச்ச எடத்துல கெடந்துச்சு. ஸ்டேசனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். தர்மன் தன்னோடது இல்லைங்கறானாம். அவன் லைட்டர போலீஸ்காரங்க அவன் பாக்கெட்டுலயே எடுத்திருக்காங்க, மூணு கோடு போட்டது. மலர்க்கொடியக் கேளுங்க, அவங்க குறி பாத்து இது யாருதுன்னு சொல்லிருவாங்கன்னானாம். பாத்துச் சொல்லும்மா."

தன்னைத்தான் அவன் நம்பியிருக்கிறான் என்பது அவளை ஊசியாகக் குத்தியது. லைட்டரைத் திருப்பி அடியைப் பார்த்தாள். பார்க்க என்ன இருக்கிறது? வழவழப்பாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"என் குறி இதுல இல்லீங்கய்யா" என்றாள். பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேங்க. இல்ல."

"பாத்தீங்களா ஐயா" என்று சத்யப்பிரியா கையெடுத்துக் கும்பிட்டாள். "எங்களுது இல்லீங்க. வெளியாளு யாரோ போட்டதுங்க."

வைரக்கண்ணு தலையை ஆட்டினார். "குறி இல்லன்னா இங்க ரிப்பேருக்கே வராததுன்னு அர்த்தம். புதுசு. அவன் பாக்கெட்டுலதான் நல்லா எரியிற லைட்டரு ஒண்ணு இருக்கே, புதுசு எதுக்கு? வேணும்னே டவுன்ல போயி வாங்கியிருக்கான். வேலைய முடிச்சுட்டு வீசிட்டுப் போயிருக்கான். நான்கூட ஏதோ கோவத்துல பண்ணிட்டான்னு நெனச்சேன். திட்டம் போட்டுப் பண்ணியிருக்கான்."

"ஐயா, அப்படி இல்லீங்க" என்று மலர்க்கொடி வாயெடுத்தாள். தர்மனைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னது அவன் கழுத்தையே இறுக்கிவிட்டது.

"இந்த லைட்டருல கேஸ் அடைச்சுக் குடு" என்றார் அவர். "எரியுதான்னு பாக்கணும். எரியாத ஒடசல்னு நாளைக்கு வக்கீல் ஒருத்தன் வந்து சொல்லக் கூடாது."

கேஸ் டப்பாவை எடுத்தாள். காற்றை வெளியேற்றினாள். தலைகீழாகப் பிடித்தாள். ஐந்து எண்ண வேண்டியதை இரண்டோடு நிறுத்தினாள். கல்லில் படிந்திருந்த கரியைத் துணியால் துடைத்தாள். பதினோரு வருஷமாகச் செய்கிற வேலை, விரல் தன்பாட்டுக்குச் செய்தது. ஸ்பிரிங் கண்ணில் பட்டது. நறுக்கிய முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தட்டிவிட்டால் கீழே விழுந்துவிடும், கேஸ் நிற்காமல் ஒழுகிப் போகும், அப்புறம் எரியாது. ஊசியை அதனருகே கொண்டுபோனாள். சத்யப்பிரியா எதிரே நின்று, சாமி கும்பிடுகிற மாதிரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலர்க்கொடி ஊசியை எடுத்துக் கீழே வைத்துவிட்டாள்.

சக்கரத்தைச் சுண்டினாள். எரிந்தது. கட்டைவிரலால் நாக்கைத் தூக்கிவிட்டாள். அணைந்தது.

"நல்லாத்தான் எரியுது" என்றார் வைரக்கண்ணு. "குடு."

வாங்கினார். சட்டைப் பையிலிருந்து மடித்த புகார்க் காகிதத்தை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். வாயில் பாதியில் அணைந்த சுருட்டு ஒன்று காலையிலிருந்தே இருந்தது. வண்டியடிக்குப் போய் வெயிலில் நின்றுகொண்டு, என்ன நினைத்தாரோ, அந்த லைட்டரையே சுண்டிச் சுருட்டில் காட்டினார். சுருட்டுக்காரர் எந்த நெருப்பைக் கண்டாலும் விடமாட்டார். பொறுமையாகச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். மலர்க்கொடி மனசுக்குள் எண்ணினாள். பத்து. பதினைந்து. இருபது. விளிம்பு சிவந்தது. அவர் விரலை எடுத்தார்.

நாக்கு பாதியில் நின்றது.

அவள் நிற்கிற இடத்திலிருந்து அது தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. வெயிலில் நெருப்பும் இல்லை, நீலமும் இல்லை, வெறும் லைட்டர். புகையை விட்டுக்கொண்டே அவர் அதைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார். மடித்த காகிதம் இருக்கிற பை. மெல்லிய டெரிகாட்டன் சட்டை.

ஒரு நொடி அவள் பேசாமல் நின்றாள். அந்த ஒரு நொடி நின்றதை நினைத்து நினைத்துப் பின்னால் அவள் சாகப்போகிறாள். மறு நொடி கடைப் பலகையைத் தாண்டி ஓடி, அவர் கையிலிருந்து லைட்டரை வெறும் கையால் பிடுங்கினாள். உள்ளங்கை பொசுங்கியது.

"பையில போடாதீங்க. எரிஞ்சுக்கிட்டிருக்குங்கய்யா."

"எங்க எரியுது? என்னம்மா நீ?"

அவள் லைட்டரைச் சாலையோரத்து மைல்கல்லின் தலையில் நிறுத்தி வைத்தாள். கீழே கிடந்த முந்திரிச் சருகு ஒன்றைப் பொறுக்கி அதன்மேல் காட்டினாள். ஒன்றும் இல்லாத இடத்தில் சருகின் நுனி கருத்தது, சுருண்டது, குப்பென்று பிடித்துக்கொண்டது. சருகைக் கீழே போட்டுக் காலால் மிதித்தாள்.

"இப்படித்தாங்க புடிச்சுது உங்க காடு. யாரும் கொளுத்தல. இது எங்க வூட்டுக்காரரு லைட்டரு. ஸ்பிரிங்கு நான் வச்சது. பேனா ஸ்பிரிங்கு. நிக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வச்சுக் குடுத்தேன்."

லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கடைக்குப் பின்னாலிருந்து அய்யம்பெருமாள் வந்தான். கையில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது.

"கீழ வச்சது நான்தாங்க" என்றான். "அவ சொல்லித்தாங்க குடுத்தா. நான்தான் காதுல வாங்கல. அணைஞ்சிருச்சுன்னு நெனச்சேங்க."

"இருபது வருசமாச்சு" என்றார் வைரக்கண்ணு. அவனைப் பார்க்காமல் காட்டைப் பார்த்துச் சொன்னார். "நேத்தே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அடிச்சிருப்பேன்" என்றார். மடித்த காகிதத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எழுதுனது எழுதுனதுதான். பேரத்தான் மாத்தணும்."

சத்யப்பிரியா மலர்க்கொடியின் முன்னால் வந்து நின்றாள்.

"நேத்துலேருந்து தெரியுமாக்கா?"

"தெரியும்."

"எனக்குத் தண்ணி குடுத்தீங்களே, அப்பவும்?"

"அப்பவும்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, உடையார்பாளையம் ஸ்டேஷன் பக்கமாக, வெயிலில் வேகு வேகென்று நடந்தாள். செருப்பைப் பெஞ்சடியிலேயே விட்டுவிட்டுப் போவதை மலர்க்கொடி பார்த்தாள். கூப்பிடவில்லை.

"இத எப்படி அணைக்கிறது?" என்று வைரக்கண்ணு மைல்கல்லைக் காட்டிக் கேட்டார்.

"நாக்கு பழுக்கக் காய்ஞ்சிருக்குங்க, இப்பத் தூக்கி வுட முடியாது. ஊதுனாலும் கேஸ் வந்துக்கிட்டேதாங்க இருக்கும். தீரட்டும். கொஞ்சந்தான் போட்டிருக்கேன்."

மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். கண்ணுக்குத் தெரியாத நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எப்போது அணைந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. வைரக்கண்ணு கடைசியில் இன்னொரு சருகை எடுத்துக் காட்டிப் பார்த்தார். பிடிக்கவில்லை. லைட்டர் ஆறுகிறவரை நின்று, காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏறு" என்றார் அய்யம்பெருமாளிடம்.

அவன் மலர்க்கொடியைப் பார்த்தான். "கூழு அப்படியே இருக்கு. ஈய ஓட்டி மூடி வையி" என்றான். கொப்பளித்த கையால் பிடித்துக்கொள்ள முடியாமல், முழங்கையால் அவர் இடுப்பை அணைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தான். வண்டி போய்விட்டது. நெருப்புப் பிடித்த காட்டைக் கடந்துதான் போனது.

அவள் உள்ளே வந்து கூழை மூடினாள். வெந்த கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிற லைட்டரை இழுத்துச் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டான். நடந்ததெதுவும் தெரியாதவன். "என்னக்கா, காட்ட யாரோ கொளுத்திட்டானாமே" என்றான்.

"கொளுத்தல" என்றாள் மலர்க்கொடி.

அவன் விட்டுவிட்டுப் போன லைட்டர் நூலில் ஆடியது. அதைப் பிடித்து நிறுத்தினாள். வெயிலில் தெரியாது என்று புறங்கையை அதன்மேல் காட்டிப் பார்த்தாள். சூடு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் காட்டிப் பார்த்தாள்.